தலை சுற்றினால் குற்றம் தலையினதா?

சிங்கப்பூரில் ஜாலான் புசார் என்னும் வீதியை அறியாத தமிழர் இரார். மலாய் மொழியில் ஜாலான் என்பது சாலை. புசார் என்பது பெரியது. சிராங்கூன் சாலைக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் சதுப்பும் தோப்புமாய்க் கிடந்த நிலத்தில் அமைந்தது இப்பெரிய சாலை. இதையொட்டியுள்ள தெருக்களின் பெயர்ப் பலகைகளை நின்று படிப்பவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். கிச்சனர், பெத்தேன், ஃபோஷ், ஜெல்லிகோ, மோட் என்பன முதல் உலகப் போரில் படை நடத்திய தளபதிகளின் பெயர்கள். வெர்டன், சோம், மார்ன் என்பன அப்போரில் மனிதர் கும்பல் கும்பலாக மாண்ட களங்களின் பெயர்கள். கோப்பி குடிக்கப் போகிற வழியிலேயே ஐரோப்பாவின் இடுகாட்டை ஒருமுறை சுற்றி வந்துவிடலாம்.

அதே போரில், 1915-ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் படையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் ரஷ்யர் கையில் சிறைப்பட்டார். அவர் பெயரால் இங்கே தெரு கிடையாது. எதிர்ப் பக்கத்துப் படையில் இருந்தவர்க்கு ஆங்கிலேயர் தெருப்பெயர் சூட்டுவாரோ? எனினும் இந்தத் தெருக்களில் நடந்து போகும் மாந்தருள் சிலர்க்குத் தளபதிகள் அனைவரையும்விட அவரே அதிகம் பயன்பட்டவர். அவரைப் பற்றியும், அவருக்கு அரை நூற்றாண்டு முன்பு பாரிஸ் நகரில் ஒரு வியாதிக்குக் காரணம் கண்டவரைப் பற்றியும் எழுதப் புகுந்தோம். அவ்வியாதி இன்னதென்று முதலில் கூற வேண்டும்.

எமக்கு அறிமுகமான தொழிலாளி ஒருவர், கட்டடங்களுக்குச் சாயம் பூசுபவர். ஒரு நாள் பிற்பகல், ஜாலான் புசாரின் கடைவரிசையில் ஐந்தடி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு தூணைக் கட்டிக்கொண்டார். இடது காதுக்குள் நீர் புகுந்து அடைத்தாற்போல் ஒரு கனம் காலையிலிருந்தே இருந்ததாம். அது பேரிரைச்சலாக மாறிற்று. தூண் சுழன்றது, எதிர்க்கடை சுழன்றது, கீழே இருந்த தரை எழுந்து மேலே வந்தது. உட்கார்ந்தார், வாந்தியெடுத்தார். வியர்வை ஆறாய்ப் பெருகியது. இரண்டு மணி நேரம் எழ முடியவில்லை. நினைவு மட்டும் ஒரு கணமும் தப்பவில்லை. ஆகவே, வழிப்போக்கர் பேசியதெல்லாம் அவர் செவியில் விழுந்தது. “பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு இந்தக் கோலமா!” என்று ஒருவர் சொல்லிப் போனார். வாழ்நாளில் கள்ளையும் சாராயத்தையும் தொட்டறியாத மனிதர் அவர்.

வீட்டில் வேறு தீர்ப்புக் கிடைத்தது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார் ஒருவர். எலுமிச்சையும் இஞ்சியும் அரைத்துக் கொடுத்தார்கள். கண் பட்டுவிட்டது என்றார் மற்றொருவர்; பூசணி உடைத்தார்கள். காற்றுச் சேட்டை என்றார் மூன்றாமவர்; தாயத்துக் கட்டினார்கள். பின்னர் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. தாயத்தின் மகிமை தெருவெல்லாம் பரவிற்று. நான்காம் மாதம் மயக்கம் மறுபடி வந்தது. அவரோடு தாயத்தும் சேர்ந்தே கீழே விழுந்தது.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இவ்வியாதியின் இயல்பே தானாக வந்து தானாகப் போவது. சில மணி நேரத்தில் சுழற்சி அடங்கும். சில வாரமோ சில மாதமோ மனிதர் நன்றாயிருப்பார். அந்த இடைக்காலத்தில் கடைசியாகச் செய்த சிகிச்சை எதுவோ, அதுவே புகழைத் தட்டிக்கொண்டு போகும். மந்திரக்காரனுக்கு இதைவிட வசதியான வியாதி உலகில் இல்லை. இந்தப் பொறியில் மந்திரக்காரனை நம்பியவர்கள் மாத்திரமே விழுந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதைப் பின்னால் காண்போம்.

நம் நாட்டு வைத்திய நூல்கள் இதைப் பற்றிச் சொல்லாமலில்லை. வடமொழி நூல்கள் சுழற்சியைப் ‘பிரமம்’ என்று பெயரிட்டு, வாத பித்தங்களின் கேட்டால் விளைவது என்றன. காதில் எழும் ஓசையைக் ‘கர்ணநாதம்’ என்றன. சுசுருதர் நூலில் காது நோய்கள் இருபத்தெட்டு எண்ணப்பட்டிருக்கின்றன. கர்ணநாதமும் செவிட்டுத்தன்மையும் அப்பட்டியலில் உண்டு. சுழற்சி அதில் இல்லை; அதன் இடம் வேறு. காதிரைச்சல் ஒரு பக்கமும் தலைச்சுற்றல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன. ஒரே மனிதனிடம் ஒரே நாழிகையில் தோன்றும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருமோ என்னும் கேள்வி எழவில்லை.

இதற்காக நம் முன்னோரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. மேனாட்டிலும் இதே கதைதான். மத சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் காதிரைச்சலாலும் மயக்கத்தாலும் பல்லாண்டு வருந்தினார். போப்பாண்டவரை எதிர்க்கத் துணிந்த அம்மனிதரே தம் காதில் இரைவது சாத்தான் என்று நம்பினார். ‘கலிவரின் யாத்திரை’ எழுதிய ஜொனதன் ஸ்விப்ட் இளமை முதலே சுழற்சியும் செவிட்டுத்தன்மையுமாய்த் துன்புற்றவர். இளம்பிராயத்தில் ஆப்பிள் பழத்தை அளவுக்கு மீறித் தின்றதே காரணம் என்பது அவருடைய எண்ணம். முதுமையில், 1742-இல், அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று முடிவு செய்தார்கள். பித்தர் என்ற பெயர் மறைந்த பின்னும் அவரை விடவில்லை. அவருடைய சுழற்சி காதிலிருந்து வந்ததாகும் என்று வைத்தியர்கள் எடுத்துக் காட்டியது 1880-களில்தான்.

நிற்க. பாரிஸுக்குச் செல்வோம். புராஸ்பர் மெனியேர் என்பவர் 1799-இல் பிரான்சில் ஆன்ழே நகரில் பிறந்தவர். பல துறைகளில் நாட்டமுடையவர். தாவர நூல் கற்றவர். லத்தீன் கவிகளின் பாட்டுக்களில் வைத்தியச் செய்திகள் எவ்வளவு உள்ளன என்று ஆராய்ந்து நூல் எழுதியவர். அரசாங்கம் தெற்குப் பிரதேசத்திற்குக் காலரா ஒழிக்க அனுப்பியபொழுது போய் உழைத்தவர். 1838-இல் பாரிஸில் இருந்த செவிட்டூமையர் கல்விச் சாலைக்கு வைத்தியராக நியமனம் பெற்றார். பெருமையான உத்தியோகம் என்று அன்று யாரும் அதைக் கருதவில்லை. காது வைத்தியம் என்றாலே குறும்பி எடுப்பவன் தொழில் என்னும் இளக்காரம் இருந்த காலம். ஆனால் வேறு எந்த மருத்துவசாலையிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: ஆயுள் முழுதும் காதுகளையே பார்த்துக் கொண்டிருக்கும் வாய்ப்பு.

அந்நாளில் ஒருவன் திடீரெனச் சுழன்று விழுந்து வாந்தியெடுத்தால், பாரிஸின் பெரிய வைத்தியர்கள் ‘மூளையில் இரத்தக் கட்டு’ என்பார்கள். சிகிச்சை யாது? இரத்தத்தை வெளியேற்றுவது. கையில் நாளத்தைக் கீறுவார்கள், அட்டை விடுவார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள். வாந்தியால் முன்னரே சோர்ந்து கிடப்பவனிடம் எஞ்சியிருந்த இரத்தத்தையும் வாங்கி விடுவார்கள். நோயாளி பிழைத்தால் அட்டைக்குப் புகழ். தாயத்தின் கதைதான், வேறு வேடத்தில்.

மெனியேர் கண்டது என்ன? மூளை நோய் என்று முத்திரையிடப்பட்ட இவர்களிற் பலர்க்குப் பக்கவாதம் வரவில்லை, பேச்சுக் குழறவில்லை, அறிவு மங்கவில்லை, ஆண்டுகள் செல்ல ஒரு காதின் கேள்வி மட்டும் தேய்ந்துகொண்டே போயிற்று. மூளை கெட்டிருந்தால் இவ்வளவு நாள் மற்றவையெல்லாம் செம்மையாய் இருக்குமோ? முப்பது ஆண்டு முன்பே பிளூரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்களை அறுத்துப் பார்த்து எழுதியிருந்தார். படுக்கை நிலையில் உள்ள குழாயை அறுத்தால் புறா பம்பரம்போல் சுற்றியது. நிமிர்ந்த குழாயை அறுத்தால் தலைகீழாய்க் கரணம் அடித்தது. செவி மட்டும் கேட்டது. பிளூரானின் புறாவையும் தம் நோயாளியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் மெனியேர்.

அவர் கூறிய சான்றுகளுள் ஒன்று இன்றும் படிப்பவர் மனத்தை வருத்தும். இளம்பெண் ஒருத்தி, கடுங்குளிர் இரவில் குதிரை வண்டியின் மேல்தட்டில் திறந்த வெளியில் அமர்ந்து பயணம் செய்தாள். திடீரென்று இரு காதும் அடியோடு செவிடாயின. சிறிது அசைந்தாலும் சுழற்சி, ஓயாத வாந்தி. ஐந்தாம் நாள் இறந்தாள். மெனியேர் அவள் மூளையையும் தண்டுவடத்தையும் திறந்து சோதித்தார். ஒரு பழுதும் இல்லை. உட்செவியைத் திறந்தார், அரைவட்டக் குழாய்களில் செந்நிறமான ஒரு பொருள் கசிந்து நிறைந்திருந்தது.

1861 ஜனவரி 8-ஆம் நாள், பாரிஸ் வைத்தியப் பேரவையில் அவர் தம் கட்டுரையைப் படித்தார். சுழற்சியும் வாந்தியும் காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் ஒரே வியாதி. அதன் இருப்பிடம் மூளையன்று, உட்செவி. ஆகவே இரத்தம் வாங்குவதை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். பேரவை அசையவில்லை. அறிவிற் சிறந்த த்ரூசோ போன்ற சிலர் மட்டுமே அக்கருத்தை மதித்து ஏற்றனர். மெனியேர் அதன் வெற்றியைக் காணவில்லை. 1862 பிப்ரவரியில், கட்டுரை படித்து ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், காலமானார்.

கால அளவு புலப்பட நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்வோம். பாரிஸில் இது நடந்த காலத்தில்தான் சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழும்பி நின்றது. பர்ல்ஸ் குன்றில் இருந்த டான் டோக் செங் மருத்துவமனை சிராங்கூன் சாலைப் பக்கம் இடம் பெயர்ந்தது.

மெனியேர் பெயர் நிலைத்தது. ஆனால் ஒரு பிழையோடு நிலைத்தது. அந்தப் பெண்ணின் காதில் கண்ட செந்நிறப் பொருளை மனத்திற் கொண்டு, இந்த வியாதியில் எல்லார்க்கும் உட்செவியில் இரத்தம் கசிகிறது என்று பின்வந்தோர் எழுதி விட்டார்கள். அப்பெண்ணுக்கு இருந்தது இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அஃதாவது, சரியான முடிவுக்குத் துணை நின்ற சாட்சியே தவறான சாட்சி! மெனியேர் கருத்து அந்த ஒரு சான்றின்மேல் மட்டும் நின்றிருந்தால் சரிந்திருக்கும். அவர் பல ஆண்டு பார்த்த பல நோயாளிகளின்மேல் அது நின்றது.

அடுத்து வந்தவர் பாரிஸின் பேராசான் ஷார்க்கோ. வியாதிக்கு மெனியேர் பெயரை நாடறியச் செய்தவர் அவர். 1870-களில் அவர் கொடுத்த மருந்து கொயினா! தோட்டக்காட்டில் மலேரியாவுக்குக் கொயினா விழுங்கிய நம் பாட்டன்மார் அதன் குணத்தை நன்கு அறிவார்கள். அதிகம் தின்றால் காது இரையும். காதிரைச்சல் நோய்க்குக் காதை இரையச் செய்யும் மருந்தை ஏன் கொடுத்தார்? செவியின் நரம்புணர்ச்சியை மழுங்கடித்து விட்டால் சுழற்சியும் ஒழியும் என்பது அவர் துணிபு. சிலர்க்குச் சுழற்சி நின்றது, செவியும் போயிற்று.

இனி, தொடக்கத்தில் கூறிய சிறைக் கைதி. அவர் பெயர் ராபர்ட் பாராணி. 1876-இல் வியன்னாவில் பிறந்த யூதர். இளமையில் எலும்புருக்கி நோயால் ஒரு முழங்கால் விறைத்துப் போனவர். வியன்னாவின் காது வைத்தியசாலையில் சீழ் பிடித்த காதுகளை நீர் பாய்ச்சிக் கழுவுவது அவர் வேலை. கழுவும்போது பலர் தலை சுற்றுகிறது என்பார்கள். வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு நோயாளி மட்டும், “ஐயா, நீர் குளிர்ந்திருந்தால்தான் எனக்குச் சுற்றுகிறது, வீட்டில் வெதுவெதுப்பான நீர் விட்டுக்கொண்டால் சுற்றுவதில்லை” என்ற பொருள்படக் கூறினார். பாராணி தாதியை அழைத்து வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். தாதி கொண்டு வந்தது மிகச் சூடான நீர். நோயாளி கூச்சலிட்டார்: இப்பொழுது நீர் மிகச் சூடு, மறுபடியும் சுற்றுகிறது! பாராணி அவர் கண்களை உற்று நோக்கினார். சுழற்சி வரும்போது கண்விழி ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். குளிர்நீருக்கு எந்தப் பக்கம் வெட்டிற்றோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இப்பொழுது வெட்டிற்று.

காரணம் அவருக்கு வீட்டு வெந்நீர்க் கொப்பரையிலிருந்து கிடைத்தது. கொப்பரையின் அடியில் நீர் குளிர்ந்திருக்கும், மேலே கொதிக்கும். இளமையில் தொட்டுப் பார்த்திருந்தார். சூடானது எழும், குளிர்ந்தது தாழும். உட்செவிக் குழாய்க்குள் இருப்பதும் நீர்தானே? பக்கத்தில் குளிர்ச்சி பட்டால் அது கீழே ஓடும். சூடு பட்டால் மேலே ஓடும். நீர் ஓடினால் மனிதன் சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகும். அதை நம்பிக் கண்கள் ஓடும். கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் சுற்றி இறங்கிய பிள்ளை தள்ளாடுவதும் இதனால்தான். ராட்டினம் நின்றாலும் காதுக்குள் நீர் நிற்கவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொண்டு, வெட்டாமல் கீறாமல், இந்தக் காதின் சமநிலைக் கருவி உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்று கண்டறியும் வழி அன்று பிறந்தது. இன்றும் உலகத்துக் காது மருத்துவமனைகளில் அச்சோதனை நடக்கிறது.

போர் வந்தது. முடக்காலராகிய பாராணி தாமாகவே படைவைத்தியராகச் சேர்ந்தார். 1915 மார்ச்சு மாதம் ப்ஷெமிஷல் கோட்டை ரஷ்யரிடம் வீழ்ந்தபொழுது சிறைப்பட்டு, மத்திய ஆசியாவில் மெர்வ் என்னும் ஊர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1914-ஆம் ஆண்டுக்குரிய வைத்திய நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி அம்முகாமில்தான் அவரை எட்டியது. சுவீடன் இளவரசர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக முயன்றதன் பயனாக 1916-இல் விடுதலையானார். வியன்னாவுக்குத் திரும்பினார், மாலை போட்டார்களா? தம் நூல்களில் பிறர் உழைப்பைப் போதிய அளவு குறிப்பிடவில்லை என்று உடன் தொழிலாளர்களே குற்றம் சுமத்தினார்கள். மனம் கசந்து சுவீடனில் உப்சாலா நகர் சென்று ஆசிரியராய் அமர்ந்து, 1936-இல் அங்கேயே மறைந்தார்.

வியாதியின் இருப்பிடம் தெரிந்தது, சோதனை தெரிந்தது. உள்ளே நடப்பது யாது என்பது 1938 வரை தெரியவில்லை. அவ்வாண்டு லண்டனில் ஹால்பைக், கேர்ன்ஸ் என்னும் இருவர், இவ்வியாதியுடையவர்களாயிருந்து இறந்தவர் இருவரின் காதெலும்பை மெல்லிய துண்டுகளாக அரிந்து பார்த்தார்கள். அதே ஆண்டில், ஜப்பானில் ஒசாகா நகரில் யாமகாவா என்னும் அறிஞரும் அதையே செய்தார். இருவர் கண்டதும் ஒன்றே. உட்செவியில் எலும்புக் கூட்டுக்குள் ஒரு சவ்வுப் பை உண்டு. அதனுள் ஒரு வகை நீர் இருக்கும். அந்நீர் பெருகிப் பை உப்பிக் கிடந்தது. இரத்தக் கசிவு இல்லை.

லண்டனும் ஒசாகாவும் ஒரே ஆண்டில் ஒரே உண்மையைத் தொட்டன. நான்கே ஆண்டு சென்று, அந்த இரு நாட்டாரும் சிங்கப்பூருக்காக ஒருவரையொருவர் கொன்றனர். 1942 பிப்ரவரியில், நகரம் ஜப்பானியர் வசமான சில நாட்களில், இதே ஜாலான் புசார் பக்கம் சீன ஆடவர்களைத் திரட்டிப் பிரித்தெடுத்தார்கள். பிரித்தெடுக்கப்பட்டவரிற் பலர் வீடு திரும்பவில்லை. ஒரே நாட்டில் யாமகாவாவும் பிறந்தார்; இதைச் செய்தவர்களும் பிறந்தார்கள்.

இப்பொழுது வைத்தியர்கள் இவ்வியாதியை அறியும் முறை இது: சுழற்சி இருமுறையேனும் வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்க வேண்டும், அந்தக் காதில் கேள்வி, முதலில் பெரும்பாலும் தடித்த ஓசைகளில், குறைந்திருப்பது கருவியால் தெரிய வேண்டும், இரைச்சலோ அடைப்போ ஏறியிறங்கிக் கொண்டிருக்க வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில வினாடி சுற்றி நிற்பது இதுவன்று. அது காதுக்குள் இருக்கும் நுண்ணிய கற்கள் இடம் மாறி அரைவட்டக் குழாயில் புகுவதால் வருவது. தலையை முறைப்படி திருப்பித் திருப்பிக் கற்களைப் பழைய இடத்திற்கு உருட்டிவிடலாம் என்று அமெரிக்காவில் எப்ளி என்பவர் 1980-இல் காட்டியபோதும், கூடியிருந்தவர்கள் நம்பவில்லை. 1992-இல்தான் அவர் கட்டுரை முறையாக அச்சேறியது. மெனியேர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சுழற்சியோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் வலுவிழந்தாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ காது என்று எண்ணிக் காத்திருக்கலாகாது. அது மூளைக்கு வந்த ஆபத்தாயிருக்கலாம், அக்கணமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை வரலாற்றில்தான் தாயத்துக் கதை மீண்டும் தலை காட்டுகிறது. உட்செவிப் பையிலிருந்து நீரை வடிக்கும் சத்திர சிகிச்சை 1927-இல் பிரான்சில் தொடங்கியது. பலர்க்குக் குணமாயிற்று என்றார்கள். 1981-இல் டென்மார்க்கு வைத்தியர்கள் முப்பது நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினர்க்கு உண்மைச் சிகிச்சையும், மறு பாதியினர்க்குக் காதுக்குப் பின்னால் எலும்பை மட்டும் குடைந்து பையைத் தொடாத பொய்ச் சிகிச்சையும் செய்த முடிவை வெளியிட்டார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள்! அந்தக் கணக்கை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. பீட்டாஹிஸ்டின் என்னும் மாத்திரையை உலகெங்கும் கொடுக்கிறார்கள். 2016-இல் வெளியான ஜெர்மானியச் சோதனை ஒன்றில் 221 பேர்க்கு அம்மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மயக்கம் எல்லாருக்கும் குறைந்தது. வெற்று மாத்திரை தின்றவர்க்கும் அதே அளவில் குறைந்தது. தாயத்தைப் பழித்தோமே, மாத்திரையையும் அதே தராசில் நிறுக்க வேண்டுமன்றோ? வேற்றுமை ஒன்றுண்டு. தராசைத் தூக்கியவர்கள் வைத்தியர்களேதான். தங்களுக்குப் பாதகமான எடையை அச்சிட்டு வெளியிட்டவர்களும் அவர்களே. எந்த மந்திரவாதியும் தன் கயிற்றை இப்படி நிறுத்துக் காட்டியதில்லை.

உப்பைக் குறைத்தல் 1934-இல் அமெரிக்காவில் மிச்சிகன் வைத்தியர்கள் வற்புறுத்திய முறை. இதற்கும் ஐயமற்ற சான்று இன்னும் இல்லை, ஆனால் செலவில்லாதது. நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் யாரும் உண்ணலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாகவே கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, நெத்திலிச் சம்பல், கடைக்குழம்பு, சோயாச் சாறு இவற்றோடு வாழும் நாம் அந்த அளவைக் காலை உணவிலேயே தாண்டிவிடக் கூடியவர்கள். இவற்றால் அடங்காதவர்க்குச் செவிப்பறை வழியே மருந்தூசி போடுகிறார்கள். ஜென்டாமைசின் என்னும் மருந்து சமநிலை அணுக்களை ஒடுக்கிச் சுழற்சியை நிறுத்தும், ஆனால் கேள்விக்கும் ஊறு நேரலாம். ஒரு காது மழுங்கினால், மற்ற காதையும் கண்ணையும் பாதத்தையும் கொண்டு நிலைபெற மூளைக்குக் கற்பிக்கும் பயிற்சிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தலையடிபட்ட வீரர்களுக்காக இங்கிலாந்தில் காதார்ன், குக்சி என்னும் இருவர் வகுத்தவை அவை. கண்ணை மேலும் கீழும் அசைப்பதில் தொடங்கி, பந்தை எறிந்து பிடிப்பது, கண்ணை மூடி நடப்பது வரையில் செல்லும்.

மெனியேர் கட்டுரைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1961 மே 5-ஆம் நாள், அமெரிக்கரில் முதலாவதாக விண்வெளிக்குப் போனவர் ஆலன் ஷெப்பர்ட். அடுத்த சில ஆண்டில் அவர்க்கு இதே வியாதி வந்தது. என்ன செய்தார் தெரியுமா? முதலில் மறைத்தார். வெளியில் தெரிந்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள் என்ற அச்சம். தெரிந்தது, விடவில்லை. 1968-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காதில் சிறு குழாய் பதிக்கும் சிகிச்சை செய்துகொண்டார். தேறினார். 1971 பிப்ரவரியில் சந்திரனில் நடந்தார். குழாய் தேற்றியதா, வியாதி தானே ஒதுங்கிற்றா என்பதை டென்மார்க்குச் சோதனையைப் படித்தவர் உறுதியாய்ச் சொல்ல மாட்டார்.

நம் சாயத் தொழிலாளியும் மறைக்கத்தான் செய்தார். சாரத்தின் மேல் ஏழாம் மாடி உயரத்தில் நிற்பவர், “எனக்கு எந்நேரமும் உலகம் சுழலலாம்” என்று மேலாளரிடம் எப்படிச் சொல்வார்? சொன்னால் பிழைப்புப் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். கீழே நிற்பவன் உயிரும் சேர்ந்து போகலாம். மூன்றாம் முறை மயக்கம் வந்த பிறகே காது வைத்தியரிடம் போனார். பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதை அளந்தார்கள். குளிர்நீரும் வெந்நீரும் விட்டுக் கண்ணைப் பார்த்தார்கள். பாராணியின் கிண்ணம்தான். இடது காது வியாதி என்றார்கள். “குடிகாரன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று வைத்தியரிடம் அவர் கேட்டாராம். இதைச் சொல்லும்போது சிரித்தார், நாம் சிரிக்கவில்லை.

மேலாளரிடம் சொன்னார். இப்பொழுது அவர் சாரம் ஏறுவதில்லை. தரையில் நின்று சாயம் கலந்து கொடுக்கிறார். கூலி சற்றுக் குறைவு. மயக்கம் ஓராண்டாக வரவில்லை. உப்பைக் குறைத்ததாலா, மாத்திரையாலா, தானாகவேயா என்று கேட்டோம். “அது எனக்கென்ன தெரியும்? காது மட்டும் இன்னும் இரைகிறது. லாரி பின்னால் வந்தால் கேட்பதில்லை. ஆகையால் ஜாலான் புசாரைக் கடக்கும்போது இருமுறை திரும்பிப் பார்க்கிறேன்” என்றார்.